இடுக்கில் ஓடும் உலோகம்

ஏ.சி.யில் கேஸ் நிற்கவில்லை என்று மெக்கானிக்கை அழைத்தால், செப்புக் குழாயின் வளைவுகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்துவிட்டு, “இங்க வெல்டிங் வைக்கணும் சார்” என்பார். கையில் ஒரு சிறிய டார்ச், செம்பு நிறத்தில் ஒரு ராடு. சில நிமிடங்களில் ஓட்டை அடைபட்டுவிடும். அவர் வைத்தது வெல்டிங் அல்ல, பிரேசிங். அதே ஏ.சி.யின் சர்க்யூட் போர்டில் ஒரு கெப்பாசிட்டர் போய், அதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினால் அந்த வேலை சால்டரிங்.

வெல்டிங்கில் இணைக்கவேண்டிய இரண்டு துண்டுகளின் விளிம்புகளே உருகி ஒன்றாகின்றன. பிரேசிங்கிலும் சால்டரிங்கிலும் அப்படி இல்லை. துண்டுகள் திடமாகவே இருக்கும். அவற்றைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் மூன்றாவது உலோகம் ஒன்று நடுவில் புகுந்து, உறைந்து, இரண்டையும் பிடித்துக்கொள்ளும். அந்த மூன்றாவது உலோகம் 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருகினால் சால்டரிங், மேலே உருகினால் பிரேசிங். பாலிடெக்னிக் மாணவர்கள் பரீட்சையில் எழுதும் விடை இதுதான். எழுதினால் மதிப்பெண் உண்டு.

ஆனால் 450 என்பது இயற்கை போட்ட கோடு அல்ல. பொறியாளர்கள் வசதிக்காக வகுத்துக்கொண்ட எல்லை. அந்த டிகிரியைத் தாண்டும்போது உலோகத்துக்குள் எந்த அதிசயமும் நடப்பதில்லை. புழக்கத்தில் இருக்கும் சால்டர்கள் பெரும்பாலும் 180-லிருந்து 300 டிகிரிக்குள் உருகிவிடுகின்றன. பிரேசிங் ராடுகள் பெரும்பாலும் 600-லிருந்து 900 வரை கேட்கின்றன. நடுவில் ஆள் நடமாட்டம் குறைவு. அதனால்தான் அங்கே கோடு போட முடிந்தது.

இரண்டு வேலைக்கும் உயிர்நாடி ஒன்றே. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப்போல, மிகக் குறுகலான இடுக்கு உருகிய உலோகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நுண்புழை ஈர்ப்பு என்று பள்ளியில் படித்த அதே விதி. கீழிருந்து மேல்நோக்கிக்கூட உலோகம் ஏறும். இடுக்கு அகலமாகிவிட்டால் இழுப்பு போய்விடும். ஒட்டி இறுகிவிட்டால் உலோகம் நுழைய வழியில்லை. வெள்ளி கலந்த ராடுகளைக் கொண்டு செய்யும் பிரேசிங்கில் இந்த இடைவெளி 0.025 மில்லிமீட்டரிலிருந்து 0.125 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது என்பார்கள். தலைமுடியின் கனத்தைச் சுற்றிய கணக்கு இது.

இடுக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. உருகிய உலோகம் பரவவேண்டிய பரப்பு சுத்தமாக இருக்கவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோ ஆக்சைடு படலமோ இருந்தால் உருண்டு திரண்டு நிற்குமே தவிரப் படியாது. எமரித் தாளால் தேய்ப்பது முதல் படி. சூடேறும்போது காற்றுப் பட்டு மீண்டும் ஆக்சைடு உண்டாகும். அதைத் தடுக்கத்தான் பிளக்ஸ். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் பைன் மரத்துப் பிசினிலிருந்து வரும் ரோசின், தகர வேலைக்குத் துத்தநாகக் குளோரைடு, பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவருக்கு நவச்சாரம், ஆசாரிக்கு வெண்காரம். வெண்காரம் 740 டிகிரியை ஒட்டி உருகிக் கண்ணாடிபோலப் பரப்பை மூடி, ஆக்சைடைக் கரைத்துக்கொள்ளும். நவச்சாரத்தின் புகையோ அந்த வெப்பத்துக்கு வெகு முன்பே பறந்துவிடும். எந்த வெப்பத்தில் வேலை நடக்கிறதோ அந்த வெப்பத்தில் உயிரோடு இருக்கும் பிளக்ஸ்தான் பயன்படும்.

ஒரு துண்டை மற்றொன்றின் மேல் ஏற்றிப் பொருத்தும் வேலைக்கு இத்தனை மதிப்பு இருப்பதும் அந்த நுண்புழை ஈர்ப்பால்தான். இரண்டு குழாய்களை முனைக்கு முனை வைத்து ஒட்டினால் பிடிக்கும் பரப்பு கொஞ்சம். ஒன்றின் வாயை விரித்து மற்றொன்றைச் செருகினால் சுற்றிலும் அகலமான பரப்பு கிடைக்கிறது. அந்தப் பரப்பு முழுவதும் மெல்லிய படலமாக உலோகம் ஓடி நிறைந்தால், இழுத்துப் பார்க்கும்போது இணைப்பு விடாமல் குழாயே கிழியலாம். வெளியே தடிமனாகக் குவிந்து நிற்கும் உலோகத்துக்கு அந்த வலுவில் பங்கு குறைவு. இந்த ஒரு விஷயத்தை வாடிக்கையாளர் தெரிந்துகொண்டாலே பாதிக் கண்துடைப்பு வேலைகள் நின்றுவிடும்.

சால்டரில் பழைய ராஜா வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவை. தனியாக வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-ல். 63 பங்குக்கு 37 பங்கு என்று கலந்தால் 183-லேயே உருகிவிடும். இரண்டும் சேர்ந்தால் இரண்டையும்விட எளிதில் இளகுகிறது. ரோமானியர்கள் தங்கள் காரீயத் தண்ணீர்க் குழாய்களை ஒட்டவே இரண்டு பங்கு காரீயம், ஒரு பங்கு வெள்ளீயம் என்று ஒரு கலவை வைத்திருந்தார்கள். ரேடியோ, டி.வி., கணிப்பொறி என்று இருபதாம் நூற்றாண்டின் மின்னணு உலகமே இந்தச் சால்டரின் மேல் எழுந்ததுதான். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. அதற்குப் பின் வெள்ளீயத்தோடு 3 சதவீதம் வெள்ளியும் அரை சதவீதம் செம்பும் சேர்ந்த கலவை பரவலானது. இது உருக 217 டிகிரி வேண்டும்.

நல்ல சால்டரிங்கைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் ஒழுங்கு புரியும். 350 டிகிரி அளவில் சூடான சால்டரிங் அயர்ன், போர்டின் செப்புப் பொட்டையும் உதிரிபாகத்தின் காலையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. ஈயக் கம்பியை அயர்னின் முனையில் வைப்பதில்லை. எதிர்ப்பக்கம் வைக்கிறார்கள். பொட்டும் காலும் சூடாகியிருந்தால் கம்பி தானாக உருகிச் சுற்றி ஓடி, சரிவான சிறு கூம்பாக நிற்கும். இரண்டு மூன்று விநாடி வேலை. அதற்குள் செம்பும் வெள்ளீயமும் தொடும் இடத்தில் இரண்டும் கலந்த ஒரு புதிய சேர்மம் மிக மெல்லிய அடுக்காக உருவாகிவிடுகிறது. பிடிப்பு அங்கே பிறக்கிறது. அதிக நேரம் சூடு காட்டினால் அந்த அடுக்கு தடித்து, நொறுங்கும் தன்மை வந்துவிடும். அவசரக்காரர் அயர்னில் ஈயத்தை உருக்கிச் சொட்டவிட்டால் குளிர்ந்த பொட்டின் மேல் உருண்டையாக உட்காரும். பார்க்க ஒட்டியதுபோல இருக்கும். தட்டினால் டி.வி. ஓடும், மறுபடி தட்டினால் நின்றுவிடும் என்ற பழைய கதைகளில் பல, இப்படிப்பட்ட குளிர் ஜாயிண்ட்டின் கதைகள்தான்.

சால்டருக்கு ஓர் இயல்பான பலவீனம் உண்டு. அதை விளக்க ஒரு கணக்கு உதவும். உலோகத்தின் அணுக்களுக்குச் செல்சியஸின் பூஜ்யம் தெரியாது. அவற்றின் பூஜ்யம் மைனஸ் 273. அங்கிருந்து எண்ணினால் ஈய சால்டர் உருகுவது 456-ல். வெயில் 35 டிகிரி அடிக்கும் நாளில் நம் வீட்டுச் சூடு அதே அளவில் 308. அதாவது சும்மா மேசைமேல் கிடக்கும்போதே சால்டர் தன் உருகுநிலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டுவிட்டது. அந்த நிலையில் உலோகம் தொடர்ந்து இழுபட்டால் மெதுவாக நீண்டுகொண்டே போகும். இன்று தாங்கும் பாரத்தை ஆறு மாதம் கழித்துத் தாங்கும் என்ற உறுதி இல்லை. செம்பும் பாஸ்பரசும் 15 சதவீத வெள்ளியும் கலந்த பிரேசிங் ராடு 643 டிகிரியில்தான் இளகவே தொடங்கும். அதே கணக்கில் அது 916. அறைச் சூடு அதில் மூன்றில் ஒரு பங்குதான். அணுக்கள் இடம் பெயர்வதில்லை, இணைப்பு நீள்வதில்லை.

ஏ.சி. குழாய்க்கு ஏன் பிரேசிங் என்பதற்கு இதுவே விடை. இன்றைய ஏ.சி.களில் உள்ள ஆர்-32, ஆர்-410ஏ வாயுக்கள் வெளி யூனிட்டில் வளிமண்டல அழுத்தத்தைப்போல 25 மடங்குக்கு மேல் அழுத்தத்தில் ஓடுகின்றன. கம்ப்ரசரிலிருந்து கிளம்பும் குழாய் கையைச் சுடும். கூடவே ஓயாத அதிர்வு. சூடு, அழுத்தம், அதிர்வு மூன்றும் ஒன்றாக வரும் இடத்தில் வெள்ளீயச் சால்டரை வைத்துவிட்டுப் போவது அநியாயம்.

சரியான பிரேசிங் எப்படி நடக்கும்? குழாயிலுள்ள கேஸை முதலில் முறைப்படி வெளியே எடுக்கவேண்டும். பழைய ஆர்-22 போன்ற வாயு தீயில் பட்டால் நச்சு வாயுக்களாகப் பிரியும். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கவும் கூடியது. பிறகு குழாய் முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, விரித்த வாயில் செருகி, உள்ளே நைட்ரஜனை மெல்ல ஓடவிடவேண்டும். பல இடங்களில் விட்டுப்போவது இந்தப் படிதான். நைட்ரஜன் இல்லாவிட்டால் குழாயின் உட்புறத்தில் இருக்கும் காற்றுப் பட்டுச் செம்பு கறுப்புச் செதிலாக உரியும். அந்தச் செதில் பின்னாளில் நுண்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும், கம்ப்ரசரையும் கெடுக்கும். லீக்கை அடைத்தவர் அடுத்த பழுதை உள்ளே வைத்துவிட்டுப் போகிறார்.

டார்ச்சின் சுடர் முதலில் உள்ளே செருகிய குழாயைச் சுற்றி அலைகிறது. பிறகு விரித்த வாய்ப்பகுதிக்கு வருகிறது. செம்பு மங்கிய சிவப்புக்கு வந்ததும் மெக்கானிக் ராடை ஜாயிண்ட்டில் தொடுகிறார். ராடை உருக்கவேண்டியது சுடர் அல்ல, குழாயின் சூடு. தொட்ட நொடியில் அது பளபளவென்று ஓடி இடுக்குக்குள் மறையும். பிறகு சுடரைச் சற்றுக் கீழே கொண்டுபோகிறார். உருகிய உலோகம் சூடு இருக்கும் பக்கம் போகும் என்பதால் அதுவும் பின்தொடர்ந்து இடுக்கின் ஆழம்வரை போகிறது. கைதேர்ந்தவர் சுடரை வைத்தே உலோகத்தை இழுத்துப்போவதைப் பார்ப்பது ஒரு தனி அழகு.

செம்போடு செம்பை இணைக்க இந்தப் பாஸ்பரஸ் ராடுக்குத் தனி பிளக்ஸ் தேவையில்லை. பாஸ்பரசே செப்பு ஆக்சைடைக் கரைத்துவிடும். ஆனால் கம்ப்ரசரின் குழாய் இரும்பாக இருந்தால் இதே ராடு எதிரி. இரும்போடு பாஸ்பரஸ் சேர்ந்து நொறுங்கும் அடுக்கை உண்டாக்கும். அதிர்வில் விரிசல் நிச்சயம். அங்கே வெள்ளி அதிகமுள்ள வேறு ராடும் பிளக்ஸும் வேண்டும். விலை கூடும். அந்தக் கூடுதலுக்குப் பேரம் பேசக்கூடாது.

பிரேசிங் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் வலு வந்துவிடாது என்பதற்குக் கடலடியில் ஒரு சாட்சி கிடக்கிறது. 1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ‘திரெஷர்’, பாஸ்டனுக்குக் கிழக்கே சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் ஆழ்கடல் சோதனையின்போது மூழ்கியது. உள்ளே இருந்த 129 பேரும் இறந்தார்கள். கடல்நீர் செல்லும் குழாய்களில் வெள்ளிப் பிரேசிங் செய்த இணைப்புகள் அந்தக் கப்பலில் ஆயிரக்கணக்கில் இருந்தன. எஞ்சின் அறையில் அத்தகைய ஓர் இணைப்பு விட்டிருக்கலாம், பீய்ச்சியடித்த நீர் மின்பலகைகளைக் குலைத்து அணு உலையை நிறுத்தியிருக்கலாம் என்பது விசாரணைக் குழுவின் கணிப்பு. மேலெழ உதவவேண்டிய உயரழுத்தக் காற்றுக் குழாய்களிலும் பனி உறைந்து அடைத்திருக்கக்கூடும் என்று கருதினார்கள். இந்த முடிவை மறுக்கும் நிபுணர்களும் உண்டு.

மறுக்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. கடைசிப் பயணத்துக்கு முன் கப்பல் பழுதுபார்ப்பில் இருந்தபோது, அந்த இணைப்புகளில் சுமார் 145-ஐ மீயொலிக் கருவியால் சோதித்தார்கள். ஏறத்தாழ 14 சதவீதம் தரம் குறைந்தவை. உள்ளே உலோகம் முழுதாக ஓடவில்லை. மீதி இணைப்புகளைச் சோதிக்காமலேயே கப்பல் கிளம்பியது. அந்த விபத்துக்குப் பிறகு ‘சப்சேஃப்’ என்ற பாதுகாப்புத் திட்டத்தை அமெரிக்கக் கடற்படை கொண்டுவந்தது. கடல்நீரின் அழுத்தத்தைத் தாங்கும் ஒவ்வொரு பாகத்துக்கும், ஒவ்வொரு இணைப்புக்கும் சோதனையும் எழுத்துச் சான்றும் கட்டாயமாயின.

நம் ஊரில் பிரேசிங்கின் நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருப்பவர்கள் நகை ஆசாரிகள். கும்மட்டியில் கனலும் கரி, வாயில் ஊதுகுழல், வெண்காரம், இடுக்கியின் நுனியில் எடுத்து வைக்கும் துளிப் பொடி, அதாவது பற்றவைக்கும் உலோகம். தங்கம் 1,064 டிகிரியில் உருகும். அதைவிடச் சற்றுக் கீழே உருகும் பொடி ஓடிய கணத்தில் சூட்டை நிறுத்தவேண்டும். ஒரு மூச்சு கூடினால் நகையே குழைந்துவிடும். ஒரே நகையில் பல ஜாயிண்ட்டுகள் இருந்தால், முதல் ஜாயிண்ட்டுக்கு உயர்ந்த சூட்டில் உருகும் பொடியும், அடுத்தடுத்து அதைவிடக் குறைந்த சூட்டுப் பொடியும் வைத்தால்தான் முதலில் ஒட்டியது பிரியாமல் இருக்கும்.

கி.மு. ஏழாம் நூற்றாண்டில் இத்தாலியின் எட்ருஸ்கன் பொற்கொல்லர்கள் மணல் துகள் அளவுத் தங்க மணிகளை நகையின் மேல் நூற்றுக்கணக்கில் ஒட்டினார்கள். மணிகளுக்கு நடுவே பற்றவைத்த தடமே தெரியாது. செம்பு உப்பையும் பசையையும் கலந்து தடவிச் சூடாக்கினால், பசை கரியாகி உப்பிலிருந்து செம்பைப் பிரிக்கிறது. மணி தொடும் புள்ளியில் மட்டும் செம்பும் தங்கமும் கலந்து, தூய தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருகிப் பிடிக்கின்றன. இந்த முறையை இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த லிட்டில்டேல் என்பவர் மீண்டும் செய்துகாட்டினார்.

பொடியால் வந்த ஒரு தீமையையும் சொல்லவேண்டும். 22 காரட் நகையில் தாமிரமும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்த பொடியை வைத்தால், நகையை உருக்கும்போது மொத்த மாற்று குறையும். அதற்கு வழியாக வந்ததுதான் கே.டி.எம். பொடியில் 92 சதவீதம் தங்கம், 8 சதவீதம் கேட்மியம். மாற்று குறையவில்லை, வேலையும் எளிது. ஆனால் கேட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். சுடருக்கு முகம் கொடுத்து உட்கார்ந்த தொழிலாளியின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது போனது. நகை வாங்கியவருக்கு நன்மை, செய்தவருக்கு நோய். இன்று ஹால்மார்க் தரத்தில் கேட்மியத்துக்கு இடமில்லை. துத்தநாகம் போன்றவற்றைக் கொண்ட பொடிகள் வந்துவிட்டன. கே.டி.எம். என்ற சொல்லைத் தரத்தின் அடையாளமாக எண்ணி இன்னும் கேட்டு வாங்குபவர்கள் அதை விட்டுவிட்டு, ஹால்மார்க்கின் ஆறு எழுத்து எண் குறியீட்டைப் பார்க்கப் பழகுவது நல்லது.

வலு அதிகம் என்பதால் எல்லா இடத்திலும் பிரேசிங்தான் என்று முடிவுகட்டுவதும் தவறு. 700 டிகிரிச் சுடரைச் சர்க்யூட் போர்டில் காட்டினால் போர்டு கருகிவிடும். விறைப்பாக இழுத்து உருவாக்கிய செப்புக் குழாயைப் பிரேஸ் செய்தால் சூடு பட்ட பகுதி இளகி மிருதுவாகிவிடும். சாதாரணத் தண்ணீர்க் குழாய்க்குச் சால்டர் தாராளமாகப் போதும். நிபந்தனை ஒன்றுதான், அதில் காரீயம் இருக்கக்கூடாது. அமெரிக்கா 1986-லேயே குடிநீர்க் குழாய்களில் காரீயச் சால்டரைத் தடை செய்தது. குடத்தின் விரிசலையோ சமையல் பாத்திரத்தையோ எலக்ட்ரானிக்ஸ் கடையின் ஈயக் கம்பியால் ஒட்டுவது இன்றும் நடக்கிறது. உடனே நிறுத்தவேண்டிய பழக்கம்.

கடையில் ராடு வாங்கும்போதும் கவனம் தேவை. வெள்ளி கலந்தது என்று சொல்லி விற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெள்ளீயத்தில் நாலைந்து சதவீதம் வெள்ளி சேர்ந்தது, 221 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். இன்னொன்று 45 சதவீதம்வரை வெள்ளி உள்ள பிரேசிங் ராடு, 600 டிகிரிக்கு மேல் கேட்கும். இரண்டாவது வகையின் சில பழைய கலவைகளில் கேட்மியம் கால்பங்குவரை இருக்கும். உறையில் எழுதியிருக்கும் உருகுநிலையையும் சேர்மானத்தையும் படிக்காமல் வாங்கக்கூடாது.

காலம் மாறும்போது வேலையும் சால்டரிலிருந்து பிரேசிங்குக்கு மாறுகிறது. பழைய லாரி, கார்களின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஒழுகினால் ரேடியேட்டர் ஒர்க்ஸில் கொடுத்து ஈயம் வைத்து வாங்கிவிடலாம். இன்றைய ரேடியேட்டர்கள் அலுமினியம். அலுமினியத் தகட்டின் மேலேயே சிலிக்கன் கலந்த அலுமினியத்தை மெல்லிய தோலாக ஏற்றி, நைட்ரஜன் நிரம்பிய உலையில் 600 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் தோல் மட்டும் உருகி நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஒரே நேரத்தில் நிரப்புகிறது. தோலுக்கும் தகட்டுக்கும் உருகுநிலையில் சில பத்து டிகிரிகளே இடைவெளி. தொழிற்சாலை உலை அந்த இடைவெளியைக் காப்பாற்றிக்கொள்ளும்.

தெருமுனைப் பட்டறையில் அது கடினம். செம்பு சிவந்து தன் சூட்டைக் காட்டும். அலுமினியம் நிறம் மாறாமல் இருந்து திடீரென்று ஓட்டையாகிவிடும். ஏ.சி.களிலும் அலுமினியக் காயில்கள் வந்துவிட்டதால், “காயிலையே மாத்திடுங்க சார்” என்று மெக்கானிக் சொன்னால் அதில் நியாயமும் இருக்கலாம். பொறுமையும் கருவியும் உள்ளவர்கள், 480 டிகிரிக்குள் முழுதும் உருகிவிடும் துத்தநாக-அலுமினிய ராடை பிளக்ஸோடு பயன்படுத்துகிறார்கள். குழாய் உருகுவதற்கு இன்னும் 150 டிகிரிக்கு மேல் இடம் இருப்பதால் கை சற்றுத் தவறினாலும் பிழைத்துக்கொள்ளும். செம்பும் அலுமினியமும் சேரும் ஜாயிண்ட் என்றால் குளிர்ந்ததும் பிளக்ஸைக் கழுவித் துடைத்து, சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டு ஈரம் புகாமல் மூடவேண்டும். இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே அலுமினியப் பக்கம் அரிக்கத் தொடங்கிவிடும்.